தேத்தண்ணி குடியாத கப்டன்

மரண அறிவித்தல் போடுவதற்காகப் பத்திரிகைக் கந்தோரிலிருந்து பேசிய பெண் கேட்டதற்கெல்லாம் கிளடிஸ் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தார். பிறந்த இடம் ஊர்காவற்துறை. நெடுங்காலம் இருந்தது தெற்கே காலியில். பிறகு கனடா. வயது எழுபது. பிள்ளைகள் இல்லை. கூடப் பிறந்தவர் ஒரே ஒரு தங்கை, மல்வேர்னில் இருக்கிறார்.

"அங்கிள் என்ன வேலை பாத்தவர் அன்ரி?"

"வியாபாரம்."

"வேறை ஏதும்?"

கிளடிஸ் தொலைபேசியைக் காதிலிருந்து எடுத்துச் சற்று நேரம் மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "வேறை ஒண்டுமில்லைப் பிள்ளை. வர்த்தகர் எண்டு போடுங்கோ" என்றார்.

அப்படித்தான் 1997 ஒக்ரோபரில் ரொறன்ரோவின் தமிழ்ப் பத்திரிகையில் கிறிஸ்துநாயகம் 'ஓய்வுபெற்ற வர்த்தகர்' ஆனார். அதில் பொய் இல்லை. பாதி விட்டுப் போயிற்று, அவ்வளவுதான். அந்த மனிதர் இலங்கை இராணுவத்தின் தொண்டர் படையில் பதினேழு வருடம் அதிகாரியாக இருந்தவர். கப்டன். தமிழ்ச்சனம் நிறைந்த மல்வேர்னிலும் மோர்னிங்சைட்டிலும் ஆமியால் அழாத வீடு ஒன்று இருக்குமா? அந்தச் சனத்துக்கு இதை அச்சடித்துக் கொடுக்க எந்த மனைவிக்குத்தான் துணிவு வரும்?

கிறிஸ்துநாயகம் பதினேழு வயதில் ஒரு தகரப் பெட்டியோடு காலிக்குப் போய் இறங்கியவர். துறைமுகத்துக்குப் போகிற தெருவில் அவருடைய சித்தப்பாவின் கடை இருந்தது. கயிறு, தார், வலைநூல், பெயின்ற், அரிக்கன் லாம்பு, நங்கூரச் சங்கிலி என்று வள்ளக்காரருக்கு வேண்டிய எல்லாம் அங்கே கிடைக்கும். முப்பது வயதுக்குள் கடை அவர் கைக்கு வந்துவிட்டது. கயிற்றின் நுனியைப் பிரித்து மூக்கருகே பிடித்து, தும்பு ஒழுங்காக ஊறியதா, அவசரத்தில் அடித்ததா என்று சொல்லிவிடுவார். வள்ளச் சொந்தக்காரர்கள் ஆள் அனுப்பி வாயால் சொல்லிவிட்டால் போதும், சாமான் மாலைக்குள் கரையில் இருக்கும். கடதாசியும் இல்லை, கையெழுத்தும் இல்லை. முப்பது வருடம் சொன்னது சொன்னபடி நடந்தது. அந்த முப்பது வருடம்தான் மனிதரைக் கெடுத்துவிட்டது என்று கிளடிஸ் பிற்காலத்தில் நினைத்ததுண்டு. சொன்ன சொல்லை மனிதர்கள் காப்பாற்றுவார்கள் என்ற நம்பிக்கை அவருடைய உடம்பிலேயே ஊறிப் போயிருந்தது.

படையில் ஏன் சேர்ந்தார் என்பதற்கு அவர் பெரிய விளக்கமெல்லாம் வைத்திருந்தார். நாடு, கடமை, ஒழுங்கு. கிளடிஸிடம் கேட்டால் உண்மை வரும்: சீருடை அவருக்கு நன்றாகப் பொருந்தியது. கலியாணம் பேசி வந்தபோது காட்டிய படமே சீருடையில் எடுத்ததுதான். கிளடிஸின் தாய் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "மாப்பிளை கடைக்காரனோ பட்டாளத்தானோ, ஒண்டைச் சொல்லுங்கோ" என்று கேட்டார். இரண்டும்தான் என்று தரகர் சொன்னார். சனிக்கிழமைகளில் அணிவகுப்பு, வருடத்தில் இரண்டு கிழமை முகாம், மற்ற நாட்களில் கயிறும் தாரும். எழுபத்தொன்றாம் ஆண்டுச் சிங்கள இளைஞர் கிளர்ச்சியில் அவரைக் கூப்பிட்டு ஒன்பது மாதம் ஒரு பாலத்துக்குக் காவல் வைத்தார்கள். ஒரு வெடிகூட வைக்காமல் திரும்பி வந்ததை அவர் ஆயுள் முழுக்கப் பெருமையாகச் சொன்னார். அடுத்த வருடம் ஓய்வுபெற்றபோது விருந்து வைத்து, நெஞ்சில் படைச்சின்னம் தைத்த நீலக் கோட்டு ஒன்றைக் கொடுத்து அனுப்பினார்கள். அந்தக் கோட்டை அவர் கோயில் திருநாளுக்கு மட்டும் போடுவார்.

பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பிள்ளை இருந்தான். தங்கை பேர்ணடெற்றின் மகன் யூஜின். பேர்ணடெற் மன்னார்ப் பக்கம் கலியாணம் செய்து போய், மகள் நதீஷாவும் யூஜினும் சின்னவர்களாக இருக்கும்போதே கணவனை இழந்தவர். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் யூஜின் காலியில் நிற்பான். கடையின் மேல்தட்டில் ஏறிக் கயிற்றுச் சுருளுக்குள் ஒளிந்துகொண்டு "மாமோய்" என்று நீட்டிக் கூப்பிடுவான். கீழே வியாபாரம் பேசிக்கொண்டிருக்கிற கப்டன், வந்தவரை அப்படியே விட்டுவிட்டு ஏணியில் ஏறுவார். ஏதாவது பிழை செய்துவிட்டால்தான் ஒழுங்காக "மாமா" என்பான். சீருடைக்காரரை ஏணியில் ஏற்றி இறக்க அந்த ஒருவனால்தான் முடிந்தது.

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் கடை எரிந்தது. தாரும் பெயின்றும் இருந்த கடை, எரிய அதிக நேரம் எடுக்கவில்லை. இருபது வருடம் கூட வேலை செய்த சிங்கள மேற்பார்வைக்காரர் தன் வீட்டில் நான்கு நாள் ஒளித்து வைத்துத்தான் இவர்களைக் காப்பாற்றினார். கையில் கிடைத்த ஒரு பெட்டியோடு இருவரும் மன்னார்ப் பக்கம் பேர்ணடெற் வீட்டுக்குப் போனார்கள். பெட்டிக்குள் நீலக் கோட்டும் இருந்தது. அங்கே அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பழைய படைக் கூட்டாளி ஒருவர், அப்போது மேஜர், நடந்தவற்றுக்கு வெட்கப்படுவதாக எழுதியிருந்தார். எப்போது என்ன உதவி வேண்டுமானாலும் செய்வேன், இது என் வாக்கு என்றும் எழுதியிருந்தார். கப்டன் அந்தக் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

எண்பத்தைந்தில் அந்தப் பக்கத்து இளந்தாரிகளை ஆமிக்காரர் ஒவ்வொருவராகப் பிடிக்கத் தொடங்கினார்கள். யூஜினுக்கு இருபது வயது, தொழில்நுட்பக் கல்லூரி மாணவன், எந்த வில்லங்கத்துக்கும் போகாதவன். அவன் வீட்டில் இல்லாத நேரம் ஆமி வந்து பெயர் சொல்லி விசாரித்துவிட்டுப் போனது. பேர்ணடெற் அன்றைக்கே இராமேஸ்வரத்துக்குப் போகிற வள்ளம் ஒன்றைப் பேசிவிட்டார். வருகிற ஞாயிறு புறப்பாடு.

கப்டன்தான் குறுக்கே நின்றார். "ஓடினால் குற்றவாளியெண்டு நாங்களே எழுதிக் குடுத்த மாதிரி. நான் மேஜரோடை கதைச்சிட்டன். முகாமுக்குச் சொல்லிப்போட்டாராம். ஒரு வாக்குமூலம், பின்னேரம் விட்டிடுவாங்கள். நானே கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

"அண்ணை, எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் பேர்ணடெற்.

"ஒஃபிசர் ஒராள் வாக்குக் குடுத்தால் குடுத்ததுதான் தங்கச்சி. எனக்குத் தெரியாதே?"

வியாழக்கிழமை காலை அவர் நீலக் கோட்டைப் போட்டுக்கொண்டார். அதற்கு ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்தது கிளடிஸ்தான். யூஜின் வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். வாடகைக் காரில் போனார்கள். பின்னேரம் நாலு மணிக்குக் கார் திரும்பி வந்தபோது கப்டன் மட்டும் இறங்கினார்.

நாளைக்கு விடுவார்களாம் என்றார். மறுநாள் போனார். அந்தப் பெயரில் ஒருவரும் இங்கே இல்லை, நேற்றே பின்வாசலால் விட்டாயிற்று என்றார்கள். பதினெட்டு நாள் அந்த வாசலில் போய் நின்றார். மேஜருக்குத் தந்தி அடித்தார், தொலைபேசி எடுத்தார். மேஜர் பயிற்சிக்காக வெளிநாடு போய்விட்டார் என்று பதில் வந்தது. பேர்ணடெற் கத்தவுமில்லை, திட்டவுமில்லை. ஒரே ஒரு தரம் கேட்டார்: "போகேக்கை பிள்ளை என்ன சொன்னவன்?"

"ஒண்டும் சொல்லேல்லை. திரும்பிக்கூடப் பாக்கேல்லை. தைரியமாப் போனான்" என்றார் கப்டன்.

பேர்ணடெற் எழும்பிப் போய் அறைக் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு தமையனோடு பேசவில்லை.

எண்பத்தேழில் கிளடிஸின் சகோதரன் பொறுப்பு நின்று இருவரையும் ரொறன்ரோவுக்கு எடுப்பித்தார். வந்த இடத்திலும் வியாபாரி வியாபாரிதானே. இரண்டு வருடத்தில் மோர்னிங்சைட்டில், ஒரு பிளாசாவின் மூலையில் நாயகம் ஸ்ரோர்ஸ் திறந்தது. கருவாடு, அரிசிமா, இடியப்ப உரல், தொலைபேசி அட்டை. ரின் மீன்கள் எல்லாம் முகம் முன்னால் தெரிய வரிசையில் நிற்கும். அரிசிப் பைகள் அளந்து வைத்தது போல ஒரே கோட்டில் இருக்கும். தினமும் காலையில் வந்து கதிரையில் இருந்து ஊர்ப்புதினம் பேசுகிற நவரட்ணம் ஒருநாள், "என்ன நாயகம் அண்ணை, ஆமிக்காரன் மாதிரி அடுக்கி வைச்சிருக்கிறியள்" என்று பகிடி விட்டார். கப்டன் சிரிக்கவில்லை. அன்று பின்னேரம் ஒரு வரிசை ரின்களை அவரே கலைத்து வைத்ததைக் கிளடிஸ் கண்டார்.

நவரட்ணத்துக்குத் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பார், தான் குடிக்க மாட்டார். காலியில் நாளுக்கு எட்டுக் கோப்பை குடித்த மனிதர் எண்பத்தைந்தாம் ஆண்டோடு நிறுத்திவிட்டார். வெறும் சுடுதண்ணிதான். மருதமடு மாதாவுக்கு ஏதோ நேர்த்தி வைத்திருக்கிறார், யூஜின் திரும்பி வரும்வரை குடிக்க மாட்டார் என்று கிளடிஸ் நினைத்துக்கொண்டார். நேர்த்தியை வாய்விட்டுக் கேட்கக் கூடாது என்பதால் கேட்கவில்லை.

தொண்ணூற்றிரண்டில், முன்னரே கனடாவுக்கு வந்திருந்த நதீஷா தாயை ரொறன்ரோவுக்கு எடுப்பித்தாள். மல்வேர்னில் ஒன்பதாம் மாடி. தமிழ்ப் பூசை நடக்கிற கத்தோலிக்கக் கோயில் ஒன்றுதான், ஆகவே ஒவ்வொரு ஞாயிறும் அண்ணனும் தங்கையும் ஒரே கூரையின் கீழ் வந்தார்கள். பேர்ணடெற் இடப்பக்கம், இவர்கள் வலப்பக்கம். பார்க்கவும் இல்லை, பேசவும் இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும்: தமையன் படையில் இருந்தவர் என்று பேர்ணடெற் ரொறன்ரோவில் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. நதீஷாவையும் சொல்ல விடவில்லை. நாலு பேரிடம் சொல்லியிருந்தால் நாயகம் ஸ்ரோர்ஸ் ஒரு மாதத்தில் மூடப்பட்டிருக்கும். அவர் அதைச் செய்யவில்லை என்பதே கப்டனுக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

மகன் உயிரோடிருக்கிறான் என்று பேர்ணடெற் நம்பினார். விடுதலையாகி வந்த யாரோ ஒருவர், தெற்கில் ஒரு சிறையில் அந்தச் சாயலில் ஒரு பொடியனைக் கண்டதாகச் சொல்லியிருந்தார். அது போதுமாக இருந்தது. ஒவ்வொரு வருடமும் யூஜினின் பிறந்தநாளுக்குப் பூசைக்குக் கொடுப்பார். உயிரோடிருப்பவர்களுக்கான பூசை.

கார்த்திகை மாதம் நெருங்கினால் கோயிலில் ஓர் உறை தருவார்கள். குடும்பத்தில் செத்தவர்களின் பெயர்களை எழுதி, ஆத்துமாக்கள் திருநாளுக்கு முன் கொடுக்க வேண்டும். உறைகள் அந்த மாதம் முழுக்கப் பீடத்தில் இருக்கும். தொண்ணூற்றிநான்கில் கப்டன் அந்த உறையில் தகப்பன், தாய், சித்தப்பா என்று எழுதி, நெடுநேரம் பேனையைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு அடியில் 'யூஜின்' என்று எழுதினார். கிளடிஸ் பதறிப்போய், "என்ன வேலை செய்யிறியள்?" என்றார்.

"ஒருத்தரும் பாக்காயினம். பீடத்திலை கிடக்கட்டும். ஒன்பது வருஷம், கிளடிஸ். அவனுக்கெண்டு ஒருத்தரும் ஒரு செபம் சொல்லேல்லை."

உறைகளை ஒருவரும் பிரித்ததில்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த வருடம் புதிதாக வந்த சுவாமியார் நல்ல எண்ணத்தில் எல்லா உறைகளையும் பிரித்து, ஊரில் செய்வது போலப் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார். கப்டன் அப்போதுதான் விளங்கிக்கொண்டு எழும்பப் பார்த்தார். அதற்குள் வாசித்தாயிற்று. இடப்பக்கத்தில் பேர்ணடெற் எழுந்து நின்றார்.

"என்ரை பிள்ளை செத்ததெண்டு ஆர் சொன்னது? சொல்லுங்கோ சாமி, ஆர் எழுதித் தந்தது?"

கோயில் முழுவதும் திரும்பிப் பார்த்தது. சுவாமியார் கையிலிருந்த உறையைப் பார்த்தார். அவர் சொல்லத் தேவை இருக்கவில்லை. பேர்ணடெற் வலப்பக்கம் திரும்பித் தமையனை ஒரு பார்வை பார்த்தார். ஒன்பது வருடத்தில் முதல் பார்வை அது. பிறகு நதீஷா தாயைக் கைத்தாங்கலாக வெளியே கூட்டிக்கொண்டு போனாள். முதலில் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டவர், இப்போது பிள்ளையைச் சாகடித்தும் விட்டார். கிளடிஸுக்கே அப்படித்தான் தோன்றியது, கட்டின புருஷன் என்றாலும்.

தொண்ணூற்றேழு வைகாசியில் கப்டனின் வயிற்றுக்குள் கட்டி என்றார்கள். வெட்டுகிற கட்டம் தாண்டிவிட்டது. கடையைக் கைமாற்றிவிட்டு வீட்டோடு இருந்தார். வரவேற்பறையில் பல்கனிப் பக்கமாகக் கட்டில் போட்டார்கள். உடம்பு கரையக் கரைய அவருக்கு ஒரே ஒரு ஆசை மிஞ்சியது.

"பேர்ணடெற்றிட்டை ஒண்டு சொல்லோணும் கிளடிஸ். அதைச் சொல்லாமல் எனக்குப் போக ஏலாது."

"என்னட்டைச் சொல்லுங்கோவன். நான் போய்ச் சொல்லுறன்."

"உமக்குச் சொன்னால் நீர் மன்னிச்சுப்போடுவீர். அதாலைதான் இவ்வளவு காலமும் சொல்லேல்லை."

ஆவணி மாதம் கிளடிஸ் இரண்டு பஸ் மாறி மல்வேர்னுக்குப் போனார். கட்டடத்தின் வாசலில் இலக்கத்தை அழுத்தினார். "ஆர்?" என்று பேர்ணடெற்றின் குரல் கேட்டது. "நான், மச்சாள்" என்றார் கிளடிஸ். மறுபக்கம் குரலும் இல்லை, கதவும் திறக்கவில்லை. முக்கால் மணி நேரம் நின்றுவிட்டுத் திரும்பினார். வீட்டுக்கு வந்ததும் கப்டன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். "பறவாயில்லை" என்றார். பறவாயில்லை என்று சொன்னவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடி போனார். இந்த முறை வேறு யாரோ கதவைத் திறந்த நேரம் பின்னால் நுழைந்து ஒன்பதாம் மாடிக்கு ஏறிவிட்டார். பேர்ணடெற் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் இடைவெளியால் பார்த்தார்.

"அவருக்கு நாள் இல்லை மச்சாள். இந்த மாதம் தாண்டுமோ தெரியாது எண்டினம்."

"அதுக்கு?"

"உங்களிட்டை ஒண்டு சொல்லோணுமாம்."

"பன்னிரண்டு வருஷமாச் சொல்லாததை இப்ப என்னத்துக்கு?"

"யூஜினைப் பற்றியாம். எனக்கும் தெரியாது, என்ரை மாதாவாணைத் தெரியாது."

கதவு சாத்தப்பட்டது. கிளடிஸ் அந்த நடைபாதையிலேயே நின்று அழுதார். யாருக்காக அழுகிறேன் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. புருஷனுக்காகவா, மச்சாளுக்காகவா, தான் ஸ்திரிக்கை போட்ட அந்தக் கோட்டுக்காகவா.

மூன்றாம் நாள் மத்தியானம் நதீஷாவின் கார் வந்து நின்றது. நதீஷா காரிலேயே இருக்க, பேர்ணடெற் மட்டும் மேலே ஏறி வந்தார். தமையனின் கோலத்தைப் பார்த்ததும் அவர் முகம் ஒரு கணம் கலங்கியது. உடனே இறுகியும் விட்டது. கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டிருந்த கதிரையைத் தள்ளிப் போட்டு அதில் இருந்தார்.

"சொல்லுங்கோ."

கப்டன் கிளடிஸைப் பார்த்தார், போகச் சொல்லவில்லை. "தங்கச்சி, நான் உமக்குப் பொய் சொன்னனான்" என்றார். "அவன் திரும்பிப் பாக்காமல் போனவன் எண்டு சொன்னன். அப்பிடியில்லை. வாசலிலை என்ரை கோட்டுக் கையைப் பிடிச்சுக்கொண்டு, நீங்களும் வாங்கோ மாமா எண்டவன். போடா, பயப்பிடாதை எண்டு அனுப்பிவிட்டன். எனக்குக் கதிரை போட்டுத் தந்தாங்கள். சேர் எண்டாங்கள். பீங்கான் கோப்பையிலை தேத்தண்ணி தந்தாங்கள். குடிச்சுக்கொண்டிருந்தன். அப்ப உள்ளுக்கை இருந்து அவன் கூப்பிட்டது கேட்டது."

அவருக்கு மூச்சு வாங்கியது. கிளடிஸ் தண்ணீர் கொடுக்கப் போனார், கையால் தடுத்தார்.

"நான் எழும்பினன். அந்த ஒஃபிசர், இருங்கோ சேர், அஞ்சு நிமிஷம் எண்டான். மேலிடத்துச் சொல்லைக் கேட்டுப் பழகின உடம்பு. இருந்திட்டன் தங்கச்சி. இருந்து, மிச்சத் தேத்தண்ணியையும் குடிச்சு முடிச்சன்."

நேர்த்தி என்று நினைத்திருந்தாரே கிளடிஸ். பன்னிரண்டு வருடம் பக்கத்தில் படுத்த மனிதரின் வாய்க்குள் இருந்தது இதுதானா?

பேர்ணடெற், "எத்தினை தரம் கூப்பிட்டவன்?" என்று கேட்டார்.

"ரண்டு தரம்."

"என்னெண்டு? மாமா எண்டோ, மாமோய் எண்டோ?"

"முதல் தரம் மாமா எண்டு. பிறகு..." அவர் கண்ணை மூடிக்கொண்டார். "பிறகு மாமோய் எண்டு."

"கூப்பிட்டுக் காட்டுங்கோ."

"தங்கச்சி..."

"எப்பிடிக் கூப்பிட்டவனோ, அப்பிடியே கூப்பிட்டுக் காட்டுங்கோ அண்ணை."

பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த 'அண்ணை' அது. கப்டன் தலையணையில் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்து, இருந்த மூச்சையெல்லாம் சேர்த்து, "மாமோய்" என்று கூப்பிட்டார். எழுபது வயதுக் கிழவரின் காய்ந்த தொண்டையிலிருந்து இருபது வயதுப் பிள்ளையின் நீட்டல் வந்தது. பேர்ணடெற் தலையைச் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னொருக்கா."

இன்னொரு முறை கூப்பிட்டார். பேர்ணடெற் கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். நல்ல வார்த்தையும் இல்லை, கெட்ட வார்த்தையும் இல்லை. வாசல்வரை கூடப் போன கிளடிஸிடம் மட்டும் மெல்லச் சொன்னார்: "கொஞ்சக் காலமா அவன்ரை குரல் எனக்கு ஞாபகம் வராமல் போட்டுது மச்சாள். படம் இருக்கு. குரல் இல்லை."

அதற்குப் பிறகு கப்டன் பத்தொன்பது நாள் இருந்தார். தொலைபேசி அடிக்கும்போதெல்லாம் "பேர்ணடெற்றோ?" என்று கேட்டார். கடைசி இரண்டு நாள் பேச்சு இல்லை, கண் மட்டும் தொலைபேசிப் பக்கம் போய் வந்தது. கிளடிஸ் ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். தங்கச்சி மன்னிச்சிட்டாவாம் என்று காதில் சொல்லியிருக்கலாம். பொய்யால் வந்த வினை போதும் என்று சொல்லாமல் விட்டார். அந்தத் துக்கம் பிறகு அவரை விடவில்லை.

சவ அடக்கத்துக்குப் பேர்ணடெற் வந்தார். கடைசி வரிசையில் நின்றார், ஒரு பிடி மண் போட்டார், போய்விட்டார். 'வர்த்தகர்' என்று அறிவித்தல் பார்த்து வந்த நவரட்ணம், இப்படியொரு நேர்மையான வியாபாரியைக் காணேலாது என்று நாலு பேருக்குச் சொல்லிக்கொண்டு நின்றார்.

அந்த வருடம் ஆத்துமாக்கள் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. கிளடிஸ் தன் உறையில் தாய் தகப்பன் பெயருக்குக் கீழே 'கிறிஸ்துநாயகம்' என்று எழுதினார். அதற்குக் கீழே எழுதக் கை போகவில்லை. பழைய குழப்பத்துக்குப் பிறகு இரண்டு வருடம் பெயர் வாசிப்பதை நிறுத்தி வைத்திருந்த சுவாமியார், சனம் கேட்டதால் அந்த வருடம் மறுபடி தொடங்கியிருந்தார். ஒவ்வொரு உறையாகப் பிரித்து வாசித்தார். தன் புருஷனின் பெயர் வந்தபோது கிளடிஸ் குனிந்துகொண்டார். பெயர்கள் போய்க்கொண்டே இருந்தன.

பிறகு ஓர் உறையைப் பிரித்த சுவாமியார் இடப்பக்கம் ஒரு தரம் பார்த்தார். பேர்ணடெற் வாசியுங்கோ என்பது போலத் தலையை ஆட்டினார்.

"யூஜின். யூஜினுடைய மாமா, கிறிஸ்துநாயகம்."

வேறு பெயர் ஒன்றும் அந்த உறையில் இருக்கவில்லை. பேர்ணடெற்றின் கணவர் பெயர்கூட இல்லை. கிளடிஸ் நிமிர்ந்து பார்த்தார். பேர்ணடெற் முழங்காலில் நின்று இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு, பன்னிரண்டு வருடமாக அழாததை அழுதுகொண்டிருந்தார். நதீஷா தாயின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது குளிர்க்காற்று அடித்தது. நதீஷா வேலைக்குப் போக வேண்டும் என்று முதலே போய்விட்டாள். பஸ் தரிப்பில் இரண்டு பெண்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். கிளடிஸ்தான் கேட்டார்.

"அவரின்ரை பேரை நான் எழுதினனான்தானே மச்சாள். நீங்களும் ஏன்?"

பேர்ணடெற் தெருவைப் பார்த்தபடி சொன்னார். "பிள்ளை கூப்பிட்டுக்கொண்டு நிண்டவன். அண்டைக்கு அண்ணை கதிரையை விட்டு எழும்பேல்லை. இப்பவாவது எழும்பி அவனிட்டைப் போகட்டும்."

மல்வேர்ன் பஸ் முதலில் வந்தது. கிளடிஸ் போக வேண்டியது மற்றப் பக்கம். அவர் பேர்ணடெற்றின் பின்னால் அதில் ஏறினார்.